தென்கிழக்கு மூலைக் கிணறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கடிதம் எழுத வராது. ஏர் பிடிக்கச் சொல்லுங்கள், வரப்பு வெட்டச் சொல்லுங்கள், பசுவுக்குப் பிரசவம் பார்க்கச் சொல்லுங்கள், அசராமல் செய்வேன். பேனாவைக் கையில் கொடுத்தால் கொட்டாவி வந்துவிடும். படையில் சேர்த்துக்கொண்டு போன முதல் ஆறு மாதத்தில் என் மனைவிக்கு ஏழு கடிதம் எழுதினேன். ஏழும் ஒரே கடிதம்தான். 'நான் நலம். நீ நலமா? பசுவைப் பார்த்துக்கொள். வரப்பில் எலி வளை இருந்தால் அடைத்துவிடு.' இதற்கு மேல் ஒரு மனிதன் என்னத்தை எழுதுவான்? சண்டையைப் பற்றி எழுதக்கூடாது என்று உத்தரவு. சண்டை இல்லாத நேரத்தில் நாங்கள் ஒருவர் தலையில் ஒருவர் பேன் பார்த்துக்கொண்டிருந்தோம். அதை எழுதினால் நன்றாகவா இருக்கும்?

அவளும் சளைத்தவள் இல்லை. நலம், பசு நலம், எலி வளை அடைத்தாயிற்று என்று மூன்று வரி வரும். நாங்கள் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் இருந்தபோது காலையில் ஆரம்பித்தால் விளக்கணைக்கிற வரைக்கும் பேசுவோம். எல்லாம் வாய்ப்பேச்சு. காகிதத்தில் அது ஏறவில்லை.

எட்டாவதாக அவள் எழுதிய கடிதம்தான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது.

எங்கள் பிரிவில் பத்துப் பேர். மழையில் பாதி நிறைந்த ஒரு பதுங்குகுழியில் இருந்தோம். மேலே மரக்கட்டை, அதன்மேல் மண்மூட்டை, கீழே சேறு. அங்கே சார்ஜண்ட் ஒரு சட்டம் வைத்திருந்தார். எவனுக்குத் தபால் வந்தாலும், எவன் தபால் எழுதினாலும் உரக்கப் படிக்க வேண்டும். காது சிவக்கிற வரிகளை மட்டும் தாண்டிப் போகலாம். என் கடிதங்களில் தாண்டிப் போக ஒன்றும் இருந்ததில்லை. 'எலி வளை அடைத்தாயிற்று' என்று நான் படித்தால் ஒன்பது பேரும் உச்சுக்கொட்டுவார்கள். நாவிதன் ஒருத்தன் இருந்தான், கத்தி என்று கூப்பிடுவோம். அவன் தொழிலுக்கும் அதுதான் பெயர், வாய்க்கும் அதுதான் பெயர். "பொண்டாட்டி கடுதாசியாடா இது? கிராம அதிகாரிக்குப் போற அறிக்கை மாதிரி இருக்கு" என்பான்.

எட்டாவது கடிதத்தை நான் பாதி படித்தபோது ஒருத்தனும் உச்சுக்கொட்டவில்லை. கிணறு வற்றிவிட்டது என்று எழுதியிருந்தாள். வாளியை விட்டால் சேறுதான் வருகிறது. புதுக் கிணறு தோண்ட வேண்டும், எங்கே தோண்டுவது என்று கேட்டிருந்தாள். விதைப்புக்குள் தண்ணீர் கிடைக்கவில்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டு, பசுவை ஓட்டிக்கொண்டு அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாக முடித்திருந்தாள்.

அவள் அண்ணனை உங்களுக்குத் தெரியாது. கல்யாணப் பேச்சின்போதே "அந்த மேட்டு நிலத்துல என்னத்த விளையும்" என்று கேட்ட ஆள். ஒரு தடவை அவன் வீட்டுக்குள் போய்விட்டால் அவளைத் திரும்ப விடமாட்டான். இரண்டு ஏக்கர் நிலம் ஒரு வருஷம் தரிசாகக் கிடந்தால் முள் ஏறிவிடும். நான் உயிரோடு திரும்பினாலும் பூட்டின வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். குண்டு விழுந்தபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை.

"எங்கிட்ட விடு" என்று ஒரு குரல் வந்தது.

அது 'கிணறு'. அவனை அப்படித்தான் கூப்பிடுவோம். ஊரில் முப்பத்தோரு கிணறு தோண்டியவன். மண்ணைப் பார்த்தாலே அடியில் இருக்கிற தண்ணீரின் ருசி நாக்கில் தெரியும் என்று சொல்லிக்கொள்வான். பதுங்குகுழி தோண்டும்போதுகூட "இன்னும் நாலடி போனா ஊத்து" என்று பயமுறுத்துவான். அவன் என்னை உட்கார வைத்து நிலத்தைச் சேற்றில் வரையச் சொன்னான். வரைந்தேன். எங்கே சரிவு, எங்கே களிமண், எந்தப் பக்கத்தில் கோடையிலும் புல் காயாது என்று ஒரு வக்கீல் மாதிரி கேள்வி கேட்டான். ஒன்பது பேரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். முக்கால்வாசிப் பேர் மண்ணைக் கிளறிப் பிழைத்தவர்கள். எட்டு மாதமாக ஒருத்தனுக்கும் அவனவன் நிலத்தைத் தொட வழியில்லை. என் நிலம் பொதுச்சொத்தாகிவிட்டது.

மூன்று நாள் விவாதம் நடந்தது. கடைசியில் கிணறு தீர்ப்புச் சொன்னான். "தென்கிழக்கு மூலை. சரிவெல்லாம் அங்கதான் போய் முடியுது. பதினெட்டு அடியில தண்ணி. வரலைன்னா என் மீசையை எடுத்துடு."

கத்தி மட்டும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். "ஏண்டா, வீடு எங்கடா?"

"எந்த வீடு?"

"உன் வீடுதான். இதுல காணமே."

அப்போதுதான் பார்த்தேன். நான் வீட்டை வரையவே இல்லை. "கிணறு வெட்டறது நிலத்துல. வீட்டை எதுக்கு வரையணும்?" என்றேன். ஆனாலும் வடமேற்கு மூலையில், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லை வைத்தேன்.

கத்தி அந்தக் கல்லையும் தென்கிழக்கு மூலையையும் மாறி மாறிப் பார்த்தான். "தண்ணி தூக்கறது யாரு? அண்ணிதானே? ரெண்டு ஏக்கர் தாண்டிப் போய்த் தூக்கிட்டு வரணுமா? சமையலறைக்குப் பின்னால வெட்டச் சொல்லு."

எல்லோரும் சிரித்தோம். கிணறு சிரித்துக் கண்ணீரே விட்டுவிட்டான். தலைமுடி வெட்டுகிறவன் தண்ணீருக்கு இடம் பார்க்கிறான் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? "நீ தாடியைப் பாரு, தண்ணியை நான் பார்த்துக்கறேன்" என்றான் கிணறு.

பயிற்சி முகாமில் எனக்கு இரண்டு வாரம் வரைபடப் பாடம் நடத்தியிருந்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆகவே நிலத்தைப் படையில் வரைகிற முறைப்படி வரைந்தேன். வடக்கு மேலே, அம்புக்குறி, எல்லைக்கோடு, வரப்பு, தென்கிழக்கில் ஒரு பெருக்கல் குறி. வீடும் கேட்டும் இந்தத் தடவையும் காகிதத்தில் ஏறவில்லை. கூடவே விளக்கம் நான்கு பக்கம். தச்சன் ஒருத்தன் எங்களோடு இருந்தான், வாய் திறக்காதவன். அவன் மட்டும் என்னிடம் பென்சிலை வாங்கி, ஓரத்தில் ஓர் உருளைக்கு அளவெல்லாம் போட்டு வரைந்து கொடுத்தான். கயிறு நழுவாமல் இருக்க நடுவில் பள்ளம் எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும் என்பது வரைக்கும் எழுதினான்.

போகிற கடிதத்தையெல்லாம் படித்துப் பார்க்கிற லெப்டினன்ட் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். காகிதத்தை மேசைமேல் விரித்து வைத்திருந்தார்.

"இது எந்த முகாம்?"

"என் சோளக்காடு சார்."

"இந்தக் குறி?"

"கிணறு சார். இனிமேதான் வரணும்."

அவர் குனிந்து அந்தக் குறியின்மேல் விரலை வைத்தார். என்னைச் சுடத்தான் போகிறார் என்று நினைத்தேன். பிறகு சரிவு எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னேன். சிவப்புப் பென்சிலை எடுத்து, 'தென்கிழக்கு சரி. எனக்கும் அப்படியே படுகிறது' என்று எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார். உலகத்தில் ராணுவ முத்திரை வாங்கின கிணறு என்னுடையதாகத்தான் இருக்கும்.

கடிதம் போய்ச் சேரப் பத்துப் பன்னிரண்டு நாள், பதில் வர அதே அளவு. அந்த நாட்களில் கிணறு குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தான்.

பதில் வந்தது. தோண்ட ஆரம்பித்துவிட்டாளாம். பன்னிரண்டு அடியில் பாறை வந்துவிட்டதாம். என்ன செய்வது என்று கேட்டிருந்தாள். அதுவரைக்கும் பக்கத்து வீட்டுக் கொல்லரிடமிருந்து தண்ணீர் கொண்டுவந்து சமாளிப்பதாகவும், அண்ணன் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனதாகவும் இருந்தது.

இரண்டு தடவை என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. பாறைக்கு உடனடியாகக் கூட்டம் கூடினோம். "பாறை மேல நெருப்பு மூட்டி நல்லாக் காய வச்சு, குளிர்ந்த தண்ணியை ஊத்தணும். பிளந்துக்கும்" என்றான் கிணறு.

"தண்ணி இல்லாமத்தானேடா கிணறே வெட்டறாங்க" என்றான் கத்தி. "ஊத்தறதுக்கு எங்க போவாங்க?"

அதற்கு ஒன்றரை நாள் விவாதம் நடந்தது. ஆறு பக்கம் எழுதினேன். யார் எந்த யோசனை சொன்னது என்று எழுத வேண்டியிருந்தது. யார் என்று எழுதினால் அவன் எப்படிப்பட்டவன் என்றும் எழுத வேண்டியிருந்தது. சார்ஜண்டின் குறட்டை, கத்தி ஒரே பிளேடில் பத்துப் பேருக்கும் சவரம் செய்கிற கதை, என் குதிகாலில் வந்த கொப்புளம், எல்லாம் உள்ளே போயின.

அடுத்து பாம்பு வந்தது. பாறை பிளந்துவிட்டதாம், ஆனால் குழிக்குள் ஒரு பாம்பு குடியேறிவிட்டதாம், கூலிக்கு வந்தவர்கள் இறங்கமாட்டேன் என்கிறார்களாம். இதைப் படித்தபோது சார்ஜண்ட் காலை மேலே தூக்கிக்கொண்டார். எதிரியின் குண்டுக்கு அசராத மனிதர். பாம்புக்கு எட்டுப் பக்கம் போயிற்று. பிறகு மண்சரிவு. அதற்குப் பத்துப் பக்கம்.

அப்படியே ஐந்து மாதம் ஓடியது. ஒரு நாள், நாங்கள் முன்னே போகப்போகிறோம் என்று காற்றுவாக்கில் செய்தி வந்தது. ஒரு மாதத்துக்குள் என்றார்கள். அன்றைக்கு யாரும் கிணற்றைப் பற்றிப் பேசவில்லை. நான் அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். பத்துப் பக்கம் எழுதிப் பழகிய கை, அன்றைக்கு ஓடவில்லை. 'கிணறு என்ன ஆயிற்று? எல்லோரும் கேட்கிறார்கள். சீக்கிரம் எழுது' என்று மட்டும் எழுதினேன். பசுவைக்கூட விசாரிக்கவில்லை.

முன்னே போகிற அன்று காலையில், முதுகில் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது தபால் வந்தது. நின்றுகொண்டே படித்தேன். 'தண்ணீர் வந்துவிட்டது. பதினெட்டு அடி. நல்ல தண்ணீர். நான் எங்கேயும் போகவில்லை. எல்லோரிடமும் சொல்லுங்கள்.'

கிணற்றைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். "பதினெட்டு" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் மீசையைத் தடவிக் கொடுத்தார் சார்ஜண்ட். தச்சன்கூடச் சிரித்தான். லெப்டினன்ட் எட்டிப் பார்த்து "வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வீடு பூட்டப்படவில்லை, அவள் போகவில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அந்தக் காலையில் எங்கள் பிரிவு சண்டைக்குப் போகிற மாதிரியே இல்லை.

சண்டையைப் பற்றிச் சொல்லமாட்டேன். மூன்று நாள் நடந்தது. பத்துப் பேரில் எட்டுப் பேர் நடந்து திரும்பினோம். கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தோம், வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. தச்சனைக் கொண்டுவர முடியவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்கு முறை வைத்து விடுப்புக் கொடுத்தார்கள். எனக்குப் பத்து நாள். போகவர ஆறு, வீட்டில் நான்கு. கிளம்பும்போது கிணறு ஒரு காலி பாட்டிலைக் கையில் திணித்தான். "நம்ம கிணத்துத் தண்ணி கொண்டு வா. எல்லாரும் குடிக்கணும்."

முற்பகலில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கேட்டைத் திறந்ததும் என் கண் நேராகத் தென்கிழக்கு மூலைக்குத்தான் போனது. அங்கே சோளம் ஆளுயரம் நின்றது. கிணறு இல்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால், சமையலறைக்குப் பத்தடி தள்ளி, துணி காய்கிற கொடிக்கு அருகில், கைப்பிடிச் சுவர் கட்டின புதுக் கிணறு. என் மனைவி ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். பிறகு என்ன நடந்தது என்பது உங்களுக்கு வேண்டாத விஷயம்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது. எங்கள் பக்கத்தில் நிலத்தை வரைவதென்றால் கேட்டில் நின்று பார்க்கிற மாதிரி வரைவோம், கேட்டு காகிதத்தின் அடியில் இருக்கும். எங்கள் கேட்டு வடக்கே. நானோ படை முறைப்படி வடக்கை மேலே போட்டுவிட்டேன். பாவம், இவள் வழக்கம்போலக் கேட்டை அடியில் வைத்துப் படித்திருக்கிறாள். தென்கிழக்கு வடமேற்காகிவிட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் பெருந்தன்மையாக, "பரவாயில்ல, தண்ணி வந்துச்சே. வரைபடம் படிக்கிறது எல்லாருக்கும் வராது" என்று சொன்னேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஆமாங்க" என்றாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? மறுநாள் பக்கத்து வீட்டுக் கொல்லர் வந்தார். தோண்டும்போது கூட இருந்து உதவியவர். அவரிடம் தரையில் குச்சியால் கோடு போட்டு, வடக்கு என்றால் என்ன, அம்புக்குறி என்றால் என்ன, பெண்கள் எப்படிக் குழம்புகிறார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"வரைபடமா? தபால்காரர் கொண்டுவந்தாரே, சிவப்பு முத்திரையெல்லாம் குத்தி, அதைச் சொல்றீங்களா?"

"அதேதான்."

"அது வந்தப்ப நாங்க சுவரே கட்டி முடிச்சுட்டோமே. உங்க வீட்டம்மா உங்களுக்குக் கடுதாசி போட்ட மறுநாளே, இங்க புல்லு காயவே மாட்டேங்குது, இங்கயே பார்ப்போம்னு கடப்பாரையை எடுத்தாங்க. ஒன்பது நாள். தண்ணி வந்துடுச்சு."

"பாறை?"

"என்ன பாறை? வெண்ணெய் மாதிரி மண்ணு."

என் முகத்தில் ஈயாடவில்லை. குச்சியைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாறையே வரலையாமே."

"வரலைங்க."

"பாம்பு?"

"அதுவும் வரல."

"மண்ணு சரிஞ்சது? உங்க அண்ணன் வந்து வந்து கேட்டது?"

"அண்ணன் ஒரு தடவை வந்தார். தண்ணி குடிச்சுட்டுப் போயிட்டார்."

எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்துவிட்டது. "அங்க பத்துப் பேரு சோறு தண்ணி மறந்து உன் பாம்புக்கு வழி பார்த்துட்டு இருந்தோம். நான் எத்தனை நாள் தூங்கல தெரியுமா? வீட்டைப் பூட்டிட்டுப் போயிடுவியோன்னு ஒவ்வொரு நாளும் செத்தேன். எங்களை முட்டாளாக்கிட்டியே."

அவள் அடுப்புத் துணியைக் கீழே வைத்தாள். பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இறக்கினாள். இடது தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறக்கினாள். திறந்து, முதலில் என்னுடைய பழைய ஏழு கடிதங்களை எடுத்து அடுக்கினாள். ஏழும் சேர்ந்து ஒரு தீப்பெட்டி உயரம் வரவில்லை. பக்கத்தில் கிணற்றுக் கடிதங்களை அடுக்கினாள். அவை ஒரு செங்கல் உயரம் வந்தன.

"சுவர் கட்டி முடிச்சதும், தண்ணி வந்துடுச்சுன்னு எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன்" என்றாள். "அன்னிக்குத்தான் உங்க நாலு பக்கம் வந்துச்சு. கல்யாணமாகி உங்க கையெழுத்துல அவ்வளவு நான் பார்த்ததில்ல. தண்ணி வந்துடுச்சுன்னு சொன்னா, 'மகிழ்ச்சி, பசுவைப் பார்த்துக்கொள்'னு ஒரு வரி வரும். அந்த ஒரு வரியை வச்சுக்கிட்டு பன்னெண்டு நாள் நான் என்ன பண்ணுவேன்? ஒரு வரி எழுதறவர் உயிரோட இருக்காரா, அடிபட்டுக் கிடக்கறாரா, எதுவும் தெரியாது. பத்துப் பக்கம் எழுதறவர் நல்லா இருக்கார்னு தெரியும். சண்டை போடற அளவுக்கு, சிரிக்கிற அளவுக்கு நல்லா இருக்கார்னு தெரியும். அதனால பாறையைப் போட்டேன். பாம்பையும் போட்டேன்."

"அப்புறம் எதுக்குத் திடீர்னு தண்ணி வந்துடுச்சுன்னு எழுதின?"

"நீங்க மூணு வரி எழுதினீங்க. பசுவைக்கூடக் கேட்கல." அந்தக் கடிதத்தை மட்டும் தனியே எடுத்து வைத்தாள். "எங்கயோ போகப்போறீங்கன்னு புரிஞ்சுது. இனிமே விளையாடக்கூடாதுன்னு அன்னிக்கே தபால்ல போட்டேன்."

அசடு வழிய நின்றேன். அவள் என் வரைபடத்தை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கத்தில் கோணல் எழுத்தில் ஒரு வரி இருந்தது. நான் பார்த்ததே இல்லை. 'அண்ணி, இவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். சமையலறைக்குப் பின்னால் தோண்டுங்கள். தூக்கப்போவது நீங்கள். இப்படிக்கு, கத்தி.'

"அத்தனை பேருல நான் தண்ணி தூக்கறேன்னு அவருக்கு மட்டும்தான் தோணியிருக்கு" என்றாள். அவள் குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை, அதனால் எனக்கு இன்னும் சுருக்கென்று தைத்தது.

"நீங்க அனுப்பினதுல ஒண்ணு மட்டும் அப்படியே செஞ்சேன்" என்று என்னைக் கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தச்சன் வரைந்த உருளை. கொல்லர் அளவு மாறாமல் செய்து கொடுத்திருந்தார். "கயிறு நழுவவே மாட்டேங்குது. அந்த அண்ணன்கிட்டச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். வாளியை வாங்கி நானே நீர் இறைத்தேன். மிச்ச இரண்டு நாளும் அவளை அந்தக் கயிற்றைத் தொடவிடவில்லை. கிளம்புகிற அன்று உருளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தச்சனைப் பற்றி அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு பாட்டிலை அவளே நிரப்பி மூடிக் கொடுத்தாள். கேட்டு வரைக்கும் வந்து, "இனிமே கிணறு இல்ல. என்ன எழுதுவீங்க?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் பாட்டிலை மூட்டைக்குள் வைத்துக்கொண்டு கேட்டைச் சாத்தினேன்.

திரும்பும் வழியில் மருத்துவ முகாமில் இறங்கினேன். கத்தி கட்டுப்போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு, பக்கத்துப் படுக்கைக்காரனுக்கு இடது கையால் சவரம் செய்துகொண்டிருந்தான். அந்த ஆளின் கன்னத்தில் மூன்று இடத்தில் ரத்தம். "பழகிட்டு இருக்கேன், இவன்தான் என் பள்ளிக்கூடம்" என்றான் கத்தி.

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிணறு எங்கே இருக்கிறது என்று சொன்னபோது அவன் பிளேடைக் கீழே வைத்துவிட்டான். குதிப்பான், கூத்தாடுவான், ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் பாட்டிலை வாங்கி ஒரே ஒரு வாய் குடித்தான். வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினான்.

"கிணறுகிட்டச் சொல்லாத" என்றான்.

"ஏன்? நீதானே ஜெயிச்சே."

"அவன் ஊர்ல இப்ப ஒரு கிணறும் இல்லடா. ஊரே இல்ல. போன மாசம் செய்தி வந்துச்சு, உங்க யார்கிட்டயும் அவன் சொல்லல. முப்பத்தோரு கிணறும் போச்சு. அவனுக்கு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். தென்கிழக்குல வெட்டினதாவே இருக்கட்டும்."

பதுங்குகுழியில் எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு மூடி தண்ணீர் ஊற்றினேன். லெப்டினன்டுக்கும் ஒரு மூடி போனது. கிணறு கடைசியாகக் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் உருட்டிப் பார்த்தான். நான் பாட்டிலைப் பிடித்தபடி அவன் முகத்தையே பார்த்தேன்.

"பார்த்தீங்களா?" என்றான். "தென்கிழக்குத் தண்ணிக்குத் தனி ருசி. நாவிதனுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது?"

"எங்க தெரியப்போகுது" என்றேன் நானும்.

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'நான் நலம்' என்று எழுதி, அடித்துவிட்டேன். பெட்டியை இறக்கும்போது அவள் தோளைப் பிடித்துக்கொண்டது கண்முன் நின்றது. 'உன் இடது தோள் எப்போதிலிருந்து வலிக்கிறது? நான் இருந்தபோதே வலித்ததா? ஏன் சொல்லவில்லை?' என்று ஆரம்பித்தேன். அதற்கப்புறம் பேனா நிற்கவில்லை. உத்தரவு கிடக்கட்டும் என்று தச்சனைப் பற்றி எழுதினேன். அந்த மூன்று நாளில் ஒரு பள்ளத்தில் படுத்துக்கொண்டு அவள் குரலை நினைத்துப் பார்த்தது, பயந்தது, எல்லாவற்றையும் எழுதினேன். வீட்டை வரையாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். ஓரத்தில் வீட்டை வரைந்தேன், சமையலறை ஜன்னலும் துணிக்கொடியும் அவளும் இருக்கிற மாதிரி. அவள் கொஞ்சம் குண்டாக வந்துவிட்டாள்.

"என்னப்பா, இப்ப என்ன பிரச்சினை? பாறையா, பாம்பா?" என்று சார்ஜண்ட் வந்து உட்கார்ந்தார். மற்றவர்களும் நகர்ந்து வந்தார்கள். கிணறு தொண்டையைச் செருமிக்கொண்டு யோசனை சொல்லத் தயாரானான். "ம், படி. சட்டம் தெரியும்ல?"

நான் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். "காது சிவக்கிற வரிகளைத் தாண்டலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தாண்டிட்டு மீதியைப் படி."

"மீதி இல்லை சார்."

எல்லோரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். கிணற்றைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. பன்னிரண்டு பக்கம் வந்திருந்தது.